பென்னிகுக் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த கடை

சின்னமனூரில் அப்பா வீட்டு முன்னறையில் பழனி முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் படம் தொங்கும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இன்ஜினியர் கர்னல் ஜான் பென்னிகுக். கம்பம் பள்ளத்தாக்கில் இது அதிசயமில்லை. ஜூன் முதல் தேதி முல்லைப் பெரியாறு தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அப்பா இரண்டு படத்துக்கும் சேர்த்தே பூ வைப்பார். 14,707 ஏக்கர் இருபோகத்தில் எங்களுடையது ஒன்றரை ஏக்கர்.

வீட்டை இடித்தபோது முருகன் தம்பிக்குப் போனார், பென்னிகுக் எனக்கு வந்தார். ஓரமெல்லாம் செல்லரித்து, காதுப் பக்கம் பூஞ்சை பிடித்து, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. மதுரையில் மூன்று கடைகளில் "வேற பிரிண்ட் போட்டுக்கோங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். நாலாவது கடை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். பெயர்ப் பலகையில் 'ஸ்டூடியோ' என்ற சொல் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அதனால் பெயர் கேட்காதீர்கள்.

கடைக்காரருக்கு வேலை தெரியும். முதல் நல்ல விஷயம், படத்தைப் பிய்க்கவில்லை. "பிச்சா மூஞ்சி கண்ணாடியிலயே நின்னுக்கும் டீச்சர்" என்று சொல்லி, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் எடுத்தார். பழைய படத்தை உறையில் போட்டு என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். அதற்கு மட்டும் தனியாக ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

வம்பு பிறகுதான் ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த அவர் மகன் கேட்காமலே கலர் போட்டுவிட்டான். உதடு ரோஸ், கன்னம் ரோஸ், மீசை மட்டும் கன்னங்கரேல். கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை மாதிரி இருந்தார் கர்னல். கறுப்பு வெள்ளைக்கே மாற்றச் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டான், ஆனாலும் மாற்றினான்.

அடுத்தது படத்துக்குக் கீழே வரும் வாசகம். "மனைவி நகையை வித்து அணை கட்டுனவர்னு போட்ருவோம், எல்லாரும் அதான் போடுறாங்க" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் கட்டப்பட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, 1887 முதல் 1895 வரை அந்தக் காட்டில், மலேரியாவுக்கு நடுவில், சுண்ணாம்பும் சுருக்கி என்கிற செங்கல் பொடியும் குழைத்து எழுப்பிய சுவருக்கு நகைக்கதை எதற்கு? அங்கே செத்துப்போன கூலியாட்களுக்குத்தான் யாரும் படம் மாட்டுவதில்லை.

வாசகமாகப் போட நான் எழுதிக்கொண்டு போனது பென்னிகுக் குடும்பத்தைப் பற்றி. பிறந்தது 15.1.1841, புனேயில். அப்பாவும் பட்டாளக்காரர், அவர் பெயரும் ஜான் பென்னிகுக்தான். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சில்லியன்வாலா போரில் அவர் இறந்தார். அதே நாளில் அவருடைய 17 வயது மகன் அலெக்சாண்டரும் அங்கேயே இறந்தான். கடைக்காரர் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவர் இந்த இடத்தில் நிறுத்தி, விரல் விட்டு எண்ணினார். "அப்ப நம்மாளுக்கு எட்டாவது பொறந்தநாளு ரெண்டு நாள்ல டீச்சர்." பல வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை.

மிச்சத்தை அவரே ஆர்வமாகக் கேட்டார். 1879இல் கிரேஸ் ஜார்ஜினாவைக் கல்யாணம் செய்ததையும், ஐந்து பெண்ணுக்குப் பிறகாவது ஒரு பையன் உண்டா என்பதையும். உண்டு. 1899இல் பிறந்து, பின்னால் இங்கிலாந்தில் நீதிபதியானார். 9.3.1911இல் அப்பா இறந்தபோது அந்தப் பையனுக்குப் பதினொரு வயது. கல்லறை இங்கிலாந்தில் பிரிம்லி என்ற ஊரில் இருக்கிறது.

இவ்வளவு பேசியும் அச்சாகி வந்தபோது பிறந்த வருஷம் 1814 என்று இருந்தது! திருப்பிக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல், காசு வாங்காமல் வேறு போட்டார். ஐந்து நாள் என்று சொன்ன வேலை மூன்று வாரம் இழுத்தது. போன் செய்தால் எடுக்க மாட்டார், நேரில் போனால் டீ வாங்கித் தருவார். தேக்குச் சட்டம், புதுக் கண்ணாடி, பிரிண்ட் எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் ஆனது. சட்டத்தின் மூலை நாலும் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கின்றன. பின்பக்கம் பூச்சி ஏறாமல் டேப் ஒட்டியிருக்கிறார். ஆணிக்கு இரண்டு கொக்கி வைத்திருக்கலாம், ஒன்றுதான் வைத்தார். படம் லேசாகச் சாய்கிறது.

ஐந்துக்கு நாலு. போகிறவர்கள் எழுத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள், வருஷத்தை எழுத்தாலும் எழுதிக் கொடுங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், குனிந்து கூப்பிட்டால் பதில் வரும். சந்தில் வண்டி விட இடமில்லை.