ஆறாம் மாதத்துக்குப் பிறகு வேலைக்கு எதைப் போடுவது? கட் ஷூ, ஸ்லிப்-ஆன், கிளாக், எம்.சி.ஆர். சாண்டல்

மாசமாக இருக்கும்போது வேலைக்குப் போட என்ன செருப்பு, ஷூ வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர், மாமியார், பக்கத்து சீட் அக்கா எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "மெத்துனு இருக்கிறதா பாத்து வாங்கு." எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மெத்தென்று இருப்பது கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்க்கும்போது சுகமாகத்தான் இருக்கும். காலையில் மாட்டினால் சாயங்காலம் வரை கழற்ற முடியாத காலணிக்கு வேறு ஒரு கேள்விதான் முக்கியம். கால் வீங்கும்போது இதைத் தளர்த்த முடியுமா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான்கு வகைகளையும் பார்க்கப் போகிறேன். நான் டீச்சர், நாளில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பவள், அதனால் என் தீர்ப்பு நிற்கிறவர்கள் பக்கம் கொஞ்சம் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் காலுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டோம். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடிவிடுகிறது. வளரும் கருப்பை இடுப்புக்குள் இருக்கிற பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துவதால், காலுக்கு இறங்கின ரத்தம் மேலே திரும்புவது மெதுவாகிறது, நீர் கணுக்காலிலும் புறங்காலிலும் தேங்குகிறது. நின்றால் அதிகம், வெயிலில் இன்னும் அதிகம், காலையில் எழுந்தால் பெரும்பாலும் வடிந்திருக்கும். இந்த வீக்கம் காலை அகலமாக்கும், உயரமாக்கும். இன்னொரு மாற்றமும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எடை கூடுகிறது, தசைநார்கள் இளகுகின்றன, பாதத்தின் வளைவு கொஞ்சம் இறங்குகிறது, கால் நீண்டுவிடுகிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தினர் 49 பெண்களின் பாதங்களைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் பிரசவத்துக்குச் சுமார் ஐந்து மாதம் கழித்தும் அளந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பாதம் நீண்டிருந்தது, அதுவும் முதல் பிரசவக்காரர்களுக்குத்தான் மாற்றம் அதிகம். வீக்கம் வடிந்துவிடும், நீளம் அப்படியே நின்றுவிடலாம்.

இங்கேதான் கடையில் நடக்கும் தப்பு. நம்மூரில் பெண்கள் காலணிக்கு யூகே அளவுதான். ஒரு நம்பர் கூடினால் நீளத்தில் எட்டரை மில்லிமீட்டர் கிடைக்கும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது. நமக்கு அகலம்தான் வேண்டும். 5 போடுகிறவர் 7 எடுத்தால் விரல் பக்கம் இறுக்காமல் இருக்கலாம், ஆனால் குதிகால் கழன்று கழன்று வரும். வயிறு முன்னால் தள்ளி, படிக்கட்டு எங்கே இருக்கிறது என்றே குனிந்து பார்க்க முடியாத மாதத்தில் கழன்று வரும் செருப்பைவிட ஆபத்தானது ஒன்றும் இல்லை.

சரி, வகைகளுக்கு வருவோம்.

கட் ஷூ, அதாவது ஆபீஸ் பெண்கள் பாதிப் பேர் போடும் அந்தத் தட்டையான, முன்பக்கம் மூடிய ஷூ. சிலர் பெல்லி என்பார்கள். பார்க்க நேர்த்தி, புடவைக்கும் சரி, சுடிதாருக்கும் சரி, பேன்ட்டுக்கும் சரி, எந்த மேனேஜரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அதோடு அதன் நல்ல குணம் முடிந்தது. அடி அட்டை மாதிரி மெல்லிசு. வாயைச் சுற்றி எலாஸ்டிக் இருந்தால் மதியத்துக்கு மேல் புறங்காலில் பள்ளமாகக் கோடு விழும். தளர்த்த ஒரு வழியும் கிடையாது. ரெக்சினாக இருந்தால் துளியும் இளகாது, உண்மையான தோல் என்றால் நாளாக ஆகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆனால் நமக்கு மாதக்கணக்கில் பழக்க நேரம் ஏது. இதில் மெட்டி போட்டவர்களுக்குத் தனி வேதனை, வீங்கின விரலில் மெட்டி ஏற்கெனவே இறுகி இருக்க, மேலே ஷூவும் அழுத்தினால் பக்கத்து விரலில் தோல் உரிந்துவிடும். மெட்டி சுழலாமல் நிற்க ஆரம்பித்தாலே சோப்புப் போட்டுக் கழற்றி வைத்துவிடுங்கள், யார் என்ன சொன்னாலும். நான்காம் மாதம் வரை கட் ஷூ ஓடும். அப்புறம் மீட்டிங் உள்ள நாளில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லிப்-ஆன் துணி ஷூ, ஸ்கெச்சர்ஸ் மாதிரி பிராண்டுகள் போடும் அந்தப் பின்னல் துணி வகை. மேல்பகுதி நெகிழும், அதனால் வீக்கத்துக்கு ஓரளவு இடம் கொடுக்கும். கறுப்பில் எடுத்தால் பல ஆபீஸ்களில் ஃபார்மலாகவே நகர்ந்துவிடும். இதிலேயே குதிகால் பக்கம் விறைப்பாக, கை வைக்காமல் காலை நுழைத்தாலே ஏறிக்கொள்ளும் ரகம் ஒன்று வருகிறது. எட்டாம் மாதம் தாண்டினவர்களுக்கு அதன் அருமை தெரியும், குனிந்து குதிகாலை இழுத்துவிட முடியாத நிலையில் வீட்டில் யாரையும் கூப்பிட வேண்டாம். குறை இரண்டு. ஒன்று வெயில். மே மாதத்தில் மூடின ஷூவுக்குள் கால் வெந்துவிடும், ஐப்பசி மழையில் நனைந்தால் மறுநாளும் ஈரம். இரண்டாவது, சில மாடல்களின் அடி அளவுக்கு மீறி மெத்தென்று, உயரமாக இருக்கும். இளகின கணுக்காலுக்கு அது நல்லதில்லை, நடக்கும்போது கால் பக்கவாட்டில் சாயும். கடையில் ஒரு சோதனை செய்யலாம். ஷூவின் முன்னையும் பின்னையும் பிடித்து வளையுங்கள், விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினாலோ துணி பிழிவதுபோல் முறுக்க வந்தாலோ அங்கேயே வைத்துவிடுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

கிளாக், க்ராக்ஸ் மாதிரி ஓட்டை போட்டது. இதை நர்ஸ்களிடம் நிறையப் பார்க்கலாம். அகலம் தாராளம், கழுவினால் உடனே காயும், எடையே இல்லை. வார்டிலும் லேபிலும் வேலை பார்க்கிறவர்கள் ஓட்டை இல்லாத, பின்பக்கம் பட்டை உள்ள, வழுக்காத அடி என்று சொல்லி விற்கும் மாடலைப் பார்த்து எடுத்தால் நிறைமாதம் வரை கவலை இல்லை. மற்ற ஆபீஸ்களில் எடுபடாது, வங்கி கவுண்டரில் இதைப் போட்டு உட்கார்ந்தால் பார்வை முழுக்கக் காலில்தான் இருக்கும். பட்டையைப் பின்னால் போடாமல் முன்னால் தள்ளிவிட்டு வெறும் செருப்பாகப் போடும் பழக்கத்தை மட்டும் இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். தேய்ந்த அடியோடு ஈர டைல்ஸ் பக்கமும் போகாதீர்கள்.

கடைசியாக என் கட்சி: பெல்ட் வைத்த எம்.சி.ஆர். சாண்டல். சுகர் செருப்பு, டாக்டர் செருப்பு என்று சின்ன ஊர்க் கடையில்கூடக் கிடைக்கிறதே, அதுதான். எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர், நுண்ணிய காற்றறைகள் கொண்டது, அழுத்தினால் அமுங்கும், ஆனால் பஞ்சு போலப் புதையாது. இதற்கு நம் மண்ணில் ஒரு வரலாறே இருக்கிறது. தொழுநோயால் உணர்ச்சி மரத்துப்போன பாதங்களில் புண் வராமல் தடுக்க என்ன செருப்பு போடலாம் என்று வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் உழைத்த வழியில் வந்த பொருள் இது. அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளுக்குப் போனது, இப்போது முழங்கால் வலிக்காரர்கள் எல்லாரும் போடுகிறார்கள். பாதம் முழுவதும் எடையைப் பரவலாகத் தாங்க வைப்பதுதான் அதன் வேலை. எடை கூடி, வளைவு இறங்கின காலுக்கும் வேண்டியது அதுவேதான்.

எல்லா எம்.சி.ஆரும் சரிவராது. விரலிடுக்கு வார் வைத்தது வேண்டாம், வீங்கின விரலிடுக்கில் அது அறுக்கும், காலோடும் நிற்காது. முன்னால் ஒரு வெல்க்ரோ, புறங்காலில் ஒரு வெல்க்ரோ, பின்னால் ஒரு பட்டை, இந்த மூன்றும் இருக்கிற சாண்டலாகக் கேளுங்கள். காலையில் இறுக்கிப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு விரல் அளவு தளர்த்தி, சாயங்காலம் பஸ் ஏறும் முன் இன்னும் கொஞ்சம் விட்டால் போதும். மற்ற மூன்று வகையிலும் இது முடியாது. விலையும் 400 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும், பிராண்ட் துணி ஷூவோ பல ஆயிரம். நாலைந்து மாதத்துக்குப் போடப்போகும் பொருளுக்கு அந்த வித்தியாசம் சின்னதில்லை.

இதன் ஒரே எதிரி அழகு. பெண்களுக்கு என்று வருவது பெரும்பாலும் பாட்டி டிசைன்தான், பழுப்பும் மெரூனும், மேலே ஒரு பிளாஸ்டிக் பூ. அதற்கும் வழி உண்டு, ஆண்கள் பகுதிக்குப் போய் சின்ன நம்பரில் கறுப்பு வெல்க்ரோ சாண்டல் கேளுங்கள். யூகே நம்பர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆண்கள் வார்ப்பு அகலம் கூட. 5, 6 எல்லாக் கடையிலும் இருக்காது, ஸ்கூல் பையன்கள் செருப்பு விற்கும் இடத்தில் இருக்கும். புடவை கட்டினால் கொசுவம் பாதி மறைத்துவிடும், சுடிதாரோடு போட்டாலும் உறுத்தாது. முன்மூடிய ஷூதான் போட வேண்டும் என்று கண்டிப்பாக இருக்கும் அலுவலகம் என்றால் மட்டும் ஸ்லிப்-ஆனுக்குப் போகலாம், அதுவும் வழக்கமான அளவில் வேண்டாம், அரை நம்பர் கிடைக்காவிட்டால் ஒரு நம்பர் கூட்டி, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் மாடலாக.

ஹீல்ஸ் பற்றிக் கேட்பீர்கள். உயர ஹீல்ஸ் உடம்பை இன்னும் முன்னால் தள்ளும், முதுகு வளைவு ஏற்கெனவே கூடியிருக்கும்போது அது இடுப்புவலியில் போய் நிற்கும். அதற்காக ஒரேயடியாகத் தட்டை நல்லது என்றும் அர்த்தமில்லை. குதிகால் பக்கம் ஓர் அங்குலம் அளவு சற்றே உயர்ந்து, அகலமாக உட்காரும் அடிதான் நடக்க வசதி. புடவையை எந்தச் செருப்போடு கட்டுகிறீர்களோ அதே செருப்போடு வெளியே போங்கள், உயரம் மாறினால் முன்கொசுவம் தரையில் இழுபட்டுக் காலில் சிக்கும்.

வாங்கப் போகும் நேரம் சாயங்காலமாக இருக்கட்டும், வேலை முடிந்து, கால் முழுசாக வீங்கின பிறகு. மூன்றாம் மாதத்திலேயே முன்யோசனையாக வாங்கி வைப்பதில் பிரயோஜனம் இல்லை, ஐந்து, ஆறாம் மாதம் சரியான நேரம். எழுந்து நின்று, பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று கூட வந்தவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

செருப்பை மாற்றிச் சரிசெய்ய முடியாத வீக்கமும் உண்டு. திடீரென்று முகமும் கையும் சேர்ந்து வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், அது உயர் ரத்த அழுத்தமாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், சூடாக இருந்தாலும் அப்படியே, ரத்தம் உறைந்திருக்கக்கூடும்.

ஜவுளிக்கடை, நகைக்கடைத் தங்கச்சிகளுக்கு ஒரு விஷயம். எவ்வளவு நல்ல சாண்டலும் நாற்காலிக்கு ஈடாகாது. கேரளத்தில் 2018 இல் வந்ததுபோல் தமிழ்நாட்டிலும் 2021 இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று போட்டுவிட்டார்கள். மாசமாக இருக்கிறவர்களுக்கு மட்டும் என்று இல்லை, எல்லாருக்கும்தான். கஸ்டமர் இல்லாத நேரம் உட்காருங்கள், ஸ்டூல் இல்லை என்றால் கேளுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு வீக்கம் வடிந்ததும் பழைய கட் ஷூ ஏறுகிறதா என்று பார்க்க ஆசை வரும். ஏறாவிட்டால் இறுக்கித் திணிக்காதீர்கள், உடனே விலை கூடின தோல் ஷூவும் வாங்காதீர்கள். லீவ் முடிந்து வேலைக்குத் திரும்பும் வாரம் கடைக்குப் போய் இரண்டு காலையும் புதிதாக அளக்கச் சொல்லுங்கள், பெரிய காலுக்கு எடுங்கள்.