கம்பெனி கார்டு செத்துப்போகும் இரவு: 'மைக்ரேஷன்' வசதி எவ்வளவு கைகொடுக்கும்?

பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டிலும் வாளையாறிலும் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவர்களின் பர்ஸில் ஒரு பிளாஸ்டிக் கார்டு இருக்கும். கம்பெனி எடுத்துக் கொடுத்த குழு மெடிக்ளைமின் டிபிஏ (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளைம் பார்க்கும் இடைநிலை நிறுவனம்) கார்டு அது. அடுத்த மார்ச் 31 வரை செல்லும் என்று அதில் அச்சாகியிருக்கலாம். அந்தத் தேதி கம்பெனியின் பாலிசிக்கு உரியது, உங்களுக்கு உரியதல்ல. பெரும்பாலான குழு பாலிசிகளில் கடைசி வேலை நாளோடு உங்கள் பாதுகாப்பு முடிந்துவிடும். எச்.ஆர். அனுப்பும் நீக்கப் பட்டியல் டிபிஏவுக்குப் போய்ச்சேர ஓரிரு வாரம் ஆகலாம், அதுவரை ஆப்பில் கார்டு பச்சையாகவே தெரியும். அதைக் காட்டி அட்மிட் ஆனால் கேஷ்லெஸ் கிடைத்தாலும் கிடைக்கும். பிறகு அந்தத் தொகை உங்கள் தலையில்தான் விழும்.

கேரளத்தில் மே 31 ஒரு தனிக் கதை. பள்ளியில் சேர்க்கத் தோதாக மே மாதத்தில் பிறந்தநாள் எழுதிக்கொண்ட தலைமுறை அன்றைக்குத்தான் கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறுகிறது. மாநில அரசு ஊழியர்களுக்குக் கவலை இல்லை, பென்ஷன்காரர்களுக்கும் மெடிசெப் என்ற மாநில அரசுக் காப்பீடு தொடர்கிறது. இந்த மதிப்பீடு தனியார் கம்பெனியில் இருந்து வெளியே வருகிறவர்களுக்கு. சித்தூர் தாலுகா பக்கம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கேரள முகவரியில் தமிழ் பேசிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு மட்டும் கோவைக்கு வண்டி ஏறுகிறவர்களுக்கு.

மைக்ரேஷன் என்பது இதுதான். குழு பாலிசியில் இருந்த ஒருவர் வெளியேறும்போது, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ குடும்ப ஃப்ளோட்டருக்கோ (ஒரே தொகையைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் பாலிசி) மாறிக்கொள்ள, காப்பீட்டுத் துறை ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொடுத்திருக்கும் உரிமை. புது பாலிசியில் சில நோய்களுக்கு ஆரம்ப வருடங்களில் பணம் தர மாட்டார்கள், அதுதான் காத்திருப்புக் காலம். குழுவில் கழிந்த வருடங்கள் அதில் கழிக்கப்படும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 3 வருடம் என்று 2024-இல் விதி குறைக்கப்பட்டது, அதற்கு முன் 4. எனவே பத்துப் பன்னிரண்டு வருடம் இடைவெளி இல்லாமல் குழுவில் இருந்தவருக்குச் சர்க்கரை, பிரஷர், முட்டி மாற்று, கண்புரை எதற்கும் புதிதாகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 60 மாதம் தொடர்ந்து பாலிசி இருந்துவிட்டால், மோசடி தவிர வேறு காரணத்தில் 'அன்றைக்கு இதை மறைத்தீர்கள்' என்று சொல்லி க்ளைமைத் தட்டவும் முடியாது.

கேட்க நன்றாக இருக்கிறது. சட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை மார்க் போடலாம். நடைமுறைக்கு இரண்டரைக்கு மேல் போட மனம் வரவில்லை.

முதல் காரணம், இந்த வசதியை யாரும் தானாக வந்து சொல்வதில்லை. எச்.ஆருக்கு கிராஜுவிட்டியும் பிஎஃப்பும்தான் ஓய்வுக் கணக்கு. கிளை அலுவலகத்தில் போய்க் கேட்டால் 'புது பாலிசி போட்டுரலாங்க' என்று சுலபமான வழியைக் காட்டுகிறார்கள். புது பாலிசி என்றால் எல்லாக் காத்திருப்பும் முதல் நாளிலிருந்து. ஏஜென்ட்டிடம் வாயைத் திறந்ததும் 'மைக்ரேஷன்' என்ற சொல்லைச் சொல்லுங்கள். 'ரிடையர் ஆகிறேன், பாலிசி வேணும்' என்று மட்டும் சொன்னால் புதிய விண்ணப்பப் படிவம்தான் கைக்கு வரும்.

இரண்டாவது, தேதி. ஓய்வுக்கு 60 நாளைக்கு முன்னால் தொடங்கி, 45 நாள் மிச்சம் இருக்கும்போதே விண்ணப்பம் உள்ளே போய்விடுவது பாதுகாப்பு. மே 31 ஓய்வு என்றால் ஏப்ரல் முதல் வாரம் படிவம் வாங்கி, ஏப்ரல் 15-க்குள் ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கட்டும். நடுவில் ரத்தப் பரிசோதனை, இசிஜி, கிரியாட்டினின் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு வாரம் போகும். பிரீமியம் மே 31-க்குள் கட்டப்பட்டு, பாலிசி ஜூன் 1 நள்ளிரவு 00:00-க்குத் தொடங்க வேண்டும். 'ஒரு மாசம் கிரேஸ் இருக்கு' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த 30 நாள், ஏற்கெனவே உள்ள பாலிசியைப் புதுப்பிக்கத் தரும் அவகாசம். வருடத்துக்கு ஒருமுறை பிரீமியம் கட்டுகிறவருக்கு அந்த நாட்களில் வரும் நோய்க்குப் பணம் கிடையாது.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதில் ஒரு குழப்பம் உண்டு. அங்கே 65 வயதுக்குப் பிறகும் வேலை பார்த்தவருக்கு, வேலையோ கம்பெனி காப்பீடோ எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து 8 மாதம் அவகாசம், அபராதம் இல்லாமல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பார்ட் பி-யில் சேரலாம். கையிலிருந்து கட்டி நீட்டிக்கும் 'கோப்ரா' காப்பீட்டை நம்பி அந்த 8 மாதத்தைத் தவறவிட்டு அபராதம் கட்டுகிறவர்கள் அங்கேயும் உண்டு. அந்தக் கணக்கை போனில் கேட்டுவிட்டு இங்கே நிதானமாக உட்காரக் கூடாது. நம் ஊரில் எட்டு நாளும் கிடையாது.

மூன்றாவது, காகிதம். பதவி ஓய்வுக்குப் பிறகு எச்.ஆரிடம் காகிதம் வாங்குவது குதிரைக்கொம்பு, எனவே அடையாள அட்டை கையில் இருக்கும்போதே கேளுங்கள். வேண்டியது ஒரே கடிதம்: எந்த வருடத்திலிருந்து குழுவில் இருக்கிறீர்கள், ஒவ்வொரு வருடமும் எந்த நிறுவனம், பாலிசி எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, காப்பீட்டுத் தொகை, சேர்க்கப்பட்ட குடும்பத்தாரின் பெயர்கள். கம்பெனி நடுவில் காப்பீட்டு நிறுவனத்தை மாற்றியிருந்தால் இந்தக் கடிதம்தான் ஒரே ஆதாரம். புதிய நிறுவனத்தின் கணினியில் உங்கள் முழு வரலாறும் தெரியாமல் போகலாம், மீதியை நீங்கள்தான் காட்ட வேண்டும். கூடவே டிபிஏவிடமிருந்து க்ளைம் வரலாறு.

பெயர்ச் சிக்கலையும் இங்கேயே தீர்க்க வேண்டும். சம்பளப் பட்டியலில் 'ஆர். முருகேசன்', ஆதாரில் 'முருகேசன் ராமசாமி', பான் கார்டில் 'முருகேசன் ஆர்'. மனைவி குழுவில் 'செல்வி எம்.', ஆதாரில் 'செல்வி முருகேசன்'. இன்ஷியல் வழக்கம் புரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து சரிபார்க்கும்போது இது இரண்டு ஆள் என்று நின்றுவிடும். எச்.ஆர். கடிதத்தில் 'ஆதாரில் இன்ன பெயர்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் போதும்.

கம்பெனி பாலிசியில் வயதான அப்பா அம்மாவும் இருந்தால், இந்த வசதியின் உண்மையான மதிப்பு அங்கேதான். 80 வயதில் சர்க்கரையோடு வெளிச் சந்தையில் புது பாலிசி கேட்டுப் பாருங்கள், தெரியும். 65-க்கு மேல் சேர்க்க மாட்டோம் என்ற வயது வரம்பு 2024-இல் போய்விட்டது என்றாலும், உடல்நிலையைப் பார்த்து மறுப்பதற்குத் தடை இல்லை. குழுவில் பெயர் இருந்த குடும்பத்தாருக்கும் மைக்ரேஷன் உரிமை உண்டு. பெற்றோரை உங்கள் ஃப்ளோட்டரில் சேர்க்காமல் தனி பாலிசியாகக் கேளுங்கள். ஃப்ளோட்டரில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள், எல்லோருக்கும் சேர்த்து ஏறிவிடும்.

தொகையில் ஒரு வரம்பு உண்டு. குழுவில் 3 லட்சம் இருந்து, தனி பாலிசியில் 10 லட்சம் கேட்டால், பழைய வருடங்களின் சலுகை 3 லட்சத்துக்கு மட்டும். கூடுதல் 7 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாக ஓடும், உடல்நிலையையும் தனியாகப் பார்ப்பார்கள். சூப்பர் டாப்-அப் (குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பில்லுக்கு மட்டும் பணம் தரும் பாலிசி, அந்தத் தொகைதான் டிடக்டபிள்) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கம்பெனி 5 லட்சம் தருகிறது என்று 5 லட்சம் டிடக்டபிளோடு எடுத்திருப்பீர்கள். கம்பெனி பாலிசி போனதும் அந்த முதல் 5 லட்சம் உங்கள் பாக்கெட். டாப்-அப் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தும், இரண்டு லட்ச ரூபாய் பில்லுக்கு ஒரு பைசா வராது.

மாறிப்போகும் பாலிசியின் தரம் குழு பாலிசி போல இருக்காது, இது நிச்சயம். அறை வாடகை வரம்பைப் பாருங்கள். 5 லட்சத்துக்கு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். கோவையில் 8,000 ரூபாய் அறையில் 4 நாள் படுத்தால், நாளுக்கு 3,000 வீதம் 12,000 கையிலிருந்து. அதோடு விட்டால் பரவாயில்லை. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் கட்டணம் 1,20,000 என்றால் அதையும் எட்டில் ஐந்து பங்குக்கு வெட்டி 75,000 மட்டும் தருவார்கள். மொத்தம் 57,000 உங்கள் பணம். மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் இவற்றில் இந்த விகித வெட்டு போடக் கூடாது, போட்டிருந்தால் எதிர்த்துக் கேளுங்கள். எல்லைப் பக்கத்துக்காரர்கள் 'ஸோன்' என்ற சொல்லையும் தேட வேண்டும். முகவரியைப் பொறுத்துப் பிரீமியம் குறைத்து, பெரிய நகரத்தில் சிகிச்சை எடுத்தால் கோ-பே (பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டுவது) வைக்கும் பாலிசிகள் உண்டு. பாலக்காட்டு முகவரி எந்த ஸோன், கோவை எந்த ஸோன் என்று எழுத்தில் வாங்குங்கள்.

விலையில் ஒரு நல்ல சேதி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. 40,000 ரூபாய் பிரீமியத்துக்கு முன்பு 7,200 கூடுதலாகக் கட்டினோம், இப்போது அது மிச்சம்.

இஎஸ்ஐயில் இருந்தபடி ஓய்வு பெறுகிறவர் இந்தத் தொல்லைக்குள் உடனே இறங்க வேண்டியதில்லை. குறைந்தது 5 வருடம் இஎஸ்ஐ பிடித்தம் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றால், வருடத்துக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டி உங்களுக்கும் மனைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவம் தொடரலாம். பிள்ளைகளுக்குக் கிடையாது. வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால் இதைவிட மலிவாக ஒன்றும் இல்லை.

திட்டமிட்டுச் செய்யக்கூடிய கண்புரை, ஹெர்னியா ஆபரேஷன் இருந்தால் கம்பெனி பாலிசி உயிரோடு இருக்கும்போதே முடித்து, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பில்களையும் ஓய்வுக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

மைக்ரேஷனை மறுத்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மன். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கேரள முகவரிக்குக் கொச்சி அலுவலகம், ஆந்திர எல்லையில் தடா, சத்தியவேடு பக்கம் இருப்பவர்களுக்கு ஹைதராபாத். பாலிசி கோவைக் கிளையில் போட்டதென்றால் அந்தக் கிளையை வைத்துச் சென்னை அலுவலகத்திலும் புகார் தரலாம்.

பாலிசி வந்ததும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள், உள்ளூர் மொழியில் தர விதி இருக்கிறது. பிறகு முதல் பக்கத்தில் 'முதல் பாலிசி தொடங்கிய தேதி' என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே நீங்கள் குழுவில் சேர்ந்த பழைய வருடம் இருக்க வேண்டும். இந்த வருட ஜூன் 1 என்று இருந்தால் மைக்ரேஷன் என்ற பெயரில் புது பாலிசி போட்டிருக்கிறார்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் எச்.ஆர். கடிதத்தின் நகலோடு திருத்தம் கேட்டு மெயில் அனுப்புங்கள்.