சங்கிலிக் கவசம்: ஆணி அடித்ததா, முட்டவிட்டதா?

1066 ஹேஸ்டிங்ஸ் போரை இங்கிலாந்தில் இன்றும் களத்தில் நடித்துக் காட்டுகிறார்கள். அதில் வாளேந்தி இறங்க ஆசைப்படும் புதியவர்கள் முதலில் தடுமாறுவது சங்கிலிக் கவசத்தில்தான்; அதாவது, உலோக வளையங்களைக் கோத்துப் பின்னிய சட்டை. வளையத்தின் வாயை மூடும் விதத்தில் இரண்டு வகை உண்டு; எதை வாங்குவது?

முட்டவிட்டது: கம்பியை வளைத்து இரு முனைகளையும் நெருக்கிய வளையம், அவ்வளவுதான்.
ஆணி அடித்தது: முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளையிட்டு, கடுகளவு ஆணியால் இறுக்கியது.

விலை: முன்னது மலிவு; இரண்டு குறடு இருந்தால் வீட்டிலேயே பின்னலாம். பின்னது பல மடங்கு. (இன்று விற்பனைக்கு வருவதில் நிறைய இந்தியப் பட்டறைகளில் செய்தவை.)

உறுதி: வித்தியாசம் இங்கேதான். ஈட்டி முனை மாட்டி இழுத்தால் முட்டவிட்ட வளையம் வாய் பிளந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் புல்லில் மண்டியிட்டு வளையம் பொறுக்க வேண்டும். அக்குளில் ஓட்டை விழுந்திருக்கும். ஆணி அடித்தது அப்படி எளிதில் விடாது. இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் போருக்கு அணிந்ததும் அதைத்தான்.

எடை: வாய் பிளக்காதிருக்கத் தடித்த கம்பி போடுவதால் முட்டவிட்ட எஃகுச் சட்டை கனக்கும். ஆணி அடித்தது சுமார் 10 கிலோ. எதுவானாலும் இடுப்பில் வார் இறுக்கினால் தோள் பிழைக்கும்.

துரு: இரண்டுக்கும் உண்டு. மணலோடு சேர்த்து உருட்டி, எண்ணெய் பூசுங்கள்.

பள்ளி நிகழ்ச்சி, படம் எடுக்க மட்டும் என்றால் அலுமினியத்தில் முட்டவிட்டதே போதும். அடிபடும் களம் என்றால், ஒரு வருடம் காசு சேர்த்தாவது ஆணி அடித்ததை வாங்குங்கள். அதற்கும் முன்பாகப் பஞ்சு வைத்துத் தைத்த உள்ளங்கி வாங்கிவிடுங்கள். மழுங்கிய வாளும் எலும்பை முறிக்கும்.