புதன்கிழமை ஊசியும் ஆறு சென்டிமீட்டர் வீக்கமும்

லண்டனிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அண்ணன் மகளோடு கும்பகோணம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஐந்து வயதில் போடும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி) ஊக்கத் தடுப்பூசி. புதன்கிழமை என்பதால் நல்ல கூட்டம். ஆனாலும் வேலை மளமளவென்று நடந்தது. செவிலியர் எங்கள் கண்ணெதிரே சிரிஞ்சின் உறையைப் பிரித்தார். ஊசி போட்டதும் முனையைக் கருவியில் விட்டு நறுக்கினார். ஊசிக்குப் பிறகு காத்திருக்க வேண்டிய அரை மணி நேரம் கழியும் முன்பே பேரனோடு கிளம்பிய ஒரு தாத்தாவை அதட்டி உட்காரவைத்தார். லண்டனில் என்னை இப்படி யாரும் அதட்டியதில்லை. செலவு ஒரு பைசா இல்லை.

மறுநாள் காலையில் குழந்தையின் புஜம் சிவந்து வீங்கியிருந்தது; தொட்டால் சுட்டது. மஞ்சள் பற்றோடு வந்த அம்மாவைத் தடுத்துவிட்டு ஈரத்துணி வைத்தோம். இங்கே அரசு போடும் டிபிடியில் கக்குவான் கிருமி முழுதாகச் செயலிழக்கச் செய்யப்பட்டு இருக்கிறது. பிரிட்டன் 2004-லேயே கிருமியின் சில புரதங்களை மட்டும் கொண்ட வகைக்கு மாறிவிட்டது. பழைய வகையில் காய்ச்சலும் வீக்கமும் அதிகம். அதற்காக ஊசியைத் தவிர்ப்பது மடத்தனம்.

செவிலியருக்குப் போன் செய்தேன். "வீங்கியிருக்கிறது என்றால் போதாது சார். ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். முழங்கையைத் தாண்டியிருக்கிறதா?" என்றார். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்தோம்: அகலமான இடத்தில் ஆறு சென்டிமீட்டர், முழங்கைக்கு மேலேயே நின்றிருந்தது. பக்கத்து மூட்டைத் தாண்டினாலோ, மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலோதான் கடுமையான எதிர்விளைவு என்று கணக்காம். எங்களுடையது சாதாரணம். மூன்றாம் நாளே வடிந்துவிட்டது.

அடுத்து நிலையத்துக்குப் போய், இதைப் பதிவேட்டில் எழுதுங்கள் என்றேன். மேசையில் இருந்தவர், "எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே!" என்று பேச்சை முடித்துவிட்டார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சாதாரணமானதையும் மாத அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்பது அரசின் விதி. டிபிடி உறைந்து கெட்டுப்போனால், ஊசி போட்ட இடத்தில் கிருமியில்லாத சீழ்க்கட்டி வரலாம். ஒரே குப்பியில் போட்ட நாலு பிள்ளைகளுக்கு அப்படி வந்தாலும், எழுதிவைக்காத ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது?

பிரிட்டனில் இப்படி மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க 1964 முதல் மஞ்சள் அட்டைத் திட்டம் இருக்கிறது. இன்று பொதுமக்களே அதில் தெரிவிக்கலாம். இந்தியாவிலும் வழி உண்டு: மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. பேசினேன். தேதி, அளவு எல்லாம் குறித்துக்கொண்டு குப்பியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைக் கேட்டார்கள். எங்கள் தடுப்பூசி அட்டையில் அதை யாரும் எழுதியிருக்கவில்லை. மறுபடி நிலையத்துக்கு நடந்தேன். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், செவிலியர் மருந்தை எடுக்கும்போதே குப்பியைக் காட்டச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.