சூப்பர் சிப், கிங் சிப், தனிச் சிப்: ராமேஸ்வரக் கரையில் எதை வாங்கி வைப்பது?

எங்கள் கரையில் கார் சாவி வேலை பெரும்பாலும் வெளியூர் வண்டிகளை நம்பியே நடக்கிறது. அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுகையில் மடியில் செருகிய சாவியைக் கடலில் விட்டவர்களும், 22 தீர்த்தங்களிலும் அதை நனைத்தவர்களும் எந்த மாடல் வண்டியோடு வந்து நிற்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாவிக்குள் இருந்து வண்டிக்கு அடையாளம் சொல்லும் சிப் பொருந்தாவிட்டால் இன்ஜின் கிளம்பாது. ஆகவே பல வகை சிப்புகளாக மாறக்கூடிய பொதுச் சிப்பை வாங்குவதா, வகைக்கு ஒன்றாகத் தனிச் சிப்புகளை அடுக்கி வைப்பதா என்ற கேள்வி இங்கு மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக அழுத்துகிறது.

நனைந்த சாவி என்றால் முதலில் கூட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி முனைகள் பச்சை பூத்து ரிமோட் செத்திருந்தாலும், ஓரத்துக் குழியில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு ஆப்பு போன்ற சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதற்குப் பேட்டரி தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள காயிலிலிருந்தே அது மின்சக்தி பெறுகிறது. வண்டி கிளம்பினால் சிப்பை விற்காதீர்கள்.

பொதுச் சிப்புகளில் எக்ஸ்ஹார்ஸ் நிறுவனத்தின் சூப்பர் சிப்பும் ஜேஎம்டி நிறுவனத்தின் கிங் சிப்பும் நேரடிப் போட்டியாளர்கள். இரண்டும் 46, 48, 4டி என்று எண்ணால் அழைக்கப்படும் சாவிச் சிப்புகள் உள்ளிட்ட பல வகைகளாக வேடம் பூணும். ஒரு வகையாக எழுதியதை அழித்து வேறு வகையாகவும் எழுதலாம். ஆனால் சூப்பர் சிப்பை எழுத எக்ஸ்ஹார்ஸ் கருவியும், கிங் சிப்பை எழுத ஜேஎம்டியின் ஹேண்டி பேபி கருவியும் வேண்டும். கையில் எந்தக் கருவி இருக்கிறதோ அதுவே தேர்வை முடித்துவிடுகிறது. சிப்பின் விலையில் உள்ள சிறு வேறுபாட்டுக்காக இரண்டாவது கருவி வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

தனிச் சிப் ஒரே வகைதான். அதிலும் 46 சிப் சில வண்டிகளில் ஒருமுறை பதிந்ததும் வேறு வண்டிக்கு மாற்ற முடியாதபடி பூட்டிக்கொள்ளும். பதிவு பாதியில் கெட்டால் சிப்பும் வீணாகலாம். அப்படியிருந்தும் மாருதி போல அடிக்கடி வரும் வண்டிகளுக்கு அதையே விரும்புகிறேன்: எழுதும் வேலை ஒன்று குறைகிறது, எந்தக் கருவியையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

பொதுச் சிப் கையில் இருந்தால் குளோன், அதாவது மூலச் சிப்பின் அச்சு நகல், எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளோன் எடுக்க, வேலை செய்யும் சாவி ஒன்று வேண்டும். 46, 48 வகைகளில் இக்னிஷன் அருகே கருவியைப் பிடித்துத் தரவு திரட்டி இணையம் வழியாகக் கணக்கிடவும் நேரலாம் என்பதால், சிக்னல் நலிந்த இடத்தில் வேலை அப்படியே நின்றுவிடும். இருந்த ஒரே சாவியும் கடலுக்குப் போயிருந்தால் குளோனுக்கு வழியே இல்லை: வெற்றுச் சிப்பாக எழுதி, வண்டிக்குரிய ரகசிய எண்ணான பின் கோடு (PIN code) பெற்று, கருவியை இணைக்கும் ஓபிடி (OBD) சாக்கெட் வழியாக வண்டியிலேயே பதிய வேண்டும். சாவி திருட்டுப் போயிருந்தாலும் இதே முறைதான் சரி; ஏனெனில் மூலச் சாவியின் அடையாளத்தையே குளோன் சுமப்பதால், ஒன்றை மட்டும் வண்டியின் நினைவிலிருந்து நீக்க முடியாது.

என் பெட்டியில் 46 வகைத் தனிச் சிப்புகள் பத்து, சூப்பர் சிப்புகள் ஐந்து. உப்புக் காற்று புகாதபடி மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன்.