பிரேக் ரெசிஸ்டர் வாங்குறீங்களா, ஸ்டிக்கர்ல போட்ட வாட்ஸை நம்பிடாதீங்க

ஹாய்ஸ்ட், கிரேன், லிஃப்ட்னு எதையாச்சும் விஎஃப்டி டிரைவ் (மோட்டார் ஸ்பீடை கன்ட்ரோல் பண்ற பெட்டி) போட்டு ஓட்டுறவங்க இத ஒருவாட்டி படிச்சிடுங்க. எங்க ஹாய்ஸ்ட் பேனலுக்கு ஒரு டீலர் 75 ஓம் 1500 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டுன பிரேக் ரெசிஸ்டர் (லோடு இறங்கும்போது மோட்டார்ல இருந்து திரும்பி வர்ற பவரை சூடா மாத்தி விடுறது) குடுத்தாரு, கண்ணு முன்னாடியே மல்டிமீட்டர் வச்சு காமிச்சாரு, 75 ஓம் கரெக்டா இருந்துச்சு. அங்கதான் வித்தையே. ஓமை யார் வேணா மீட்டர்ல பாத்துடலாம், வாட்ஸை பாக்க முடியாது, அது உள்ள சுத்தியிருக்குற கம்பியையும் பாடி சைஸையும் பொறுத்தது.

கொஞ்ச நாள்லயே லோடு இறக்கும்போது கருகுற நாத்தம், அப்புறம் டிரைவ் ஓவர் வோல்டேஜ்னு டிரிப் ஆகி நின்னுச்சு. கழட்டி பாத்தா உள்ள கம்பி அறுந்து கிடக்கு. அதே சைஸ் அலுமினிய பாடிக்கு நல்ல கேட்லாக்ல 300 வாட்ஸ்தான் போட்டிருக்கான். கேட்டா "அது பீக் வாட்ஸ் சார்"ங்குறாரு. ரெசிஸ்டர் வேலை செய்யுற நேரத்துல டிரைவ்ல இருக்குற 760 வோல்ட்ல 75 ஓம் மாட்டுனா அந்த நேரத்துக்கு 7700 வாட்ஸ் ஓடும், அப்ப 1500 எந்த ஊரு பீக்குனு கேட்டேன், பதிலே இல்ல.

விஷயம் இதான். லோடு கீழ இறங்கும்போது அது மோட்டாரை சுத்த வைக்குது, மோட்டார் ஜெனரேட்டர் ஆகிடும். வர்ற கரண்ட் டிரைவோட டிசி பஸ்ல (டிரைவ் உள்ள இருக்குற டிசி லைன்) போய் சேரும், முன்னாடி இருக்குற டயோடு ஒரு பக்கம்தான் விடும்ங்குறதால லைனுக்கு திரும்பி போக வழியில்ல. 415 வோல்ட் சப்ளைல பஸ் சாதாரணமா 580, 590 இருக்கும், ஏறி ஏறி 700 தாண்டி டிரைவ்ல வச்சிருக்குற அளவுக்கு போனதும் சாப்பர்ங்குற உள் சுவிட்ச் ஆன் ஆகி ரெசிஸ்டருக்கு தள்ளிவிடும், அது சூடா போயிடும். ரயில் இன்ஜின் டைனமிக் பிரேக்கும் இதே கதைதான், அங்க பெரிய கிரிட் ரெசிஸ்டரும் ஃபேனும் இருக்கும்.

சர்வீசுக்கு அவங்க அனுப்புன ஆளு டிசெல் டைமை (மோட்டார் ஸ்பீடு குறைஞ்சு நிக்க எடுக்குற நேரம்) கூட்டி வச்சா சரியாகிடும்னாரு. ஃப்ளைவீல் மாதிரி லோடுக்கு அது சரி, ஹாய்ஸ்ட்ல இறங்குற நேரம் பூரா பவர் வந்துட்டேதான இருக்கு, நிக்குற நேரத்தை மட்டும் கூட்டி என்ன ஆகப்போகுது!

இதவிட கோவம் வந்தது தெர்மல் சுவிட்ச்ல, அதாவது ரெசிஸ்டர் ரொம்ப சூடானா லைனை கட் பண்ற சுவிட்ச்ல. ரெசிஸ்டர்ல இருந்து ரெண்டு ஒயர் வந்து டக்ட்டுக்குள்ள சும்மா மடிச்சு வச்சிருக்கு, எங்கயும் கனெக்ஷன் இல்ல. அது மெயின் கான்டாக்டர் (டிரைவுக்கு சப்ளை குடுக்குற பெரிய சுவிட்ச்) காயில் லைன்ல வரணும். டிரைவோட ஸ்டாப் இன்புட்ல குடுத்தா பத்தாது, ஏன்னா சாப்பர்ல இருக்குற ஐஜிபிடி டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆச்சுன்னா டிரைவ் நின்னாலும் ரெசிஸ்டர் பஸ்ல மாட்டிக்கிட்டே இருக்கும், சப்ளைய கட் பண்ணாதான் அடங்கும், இல்லன்னா தீதான்.

வாங்கும்போது வாட்ஸோட ஈடி (ஒரு சைக்கிள்ல எவ்வளவு நேரம் ரெசிஸ்டர் வேலை செய்யலாம்ங்குற பங்கு) எத்தனை பர்சென்ட், எத்தனை செகண்ட் சைக்கிளுக்குனு கேளுங்க. 10 பர்சென்ட் ஈடி ரெசிஸ்டர் நாள் பூரா லோடு இறக்குற ஹாய்ஸ்டுக்கு தாங்காது. ஓம் டிரைவ் மேனுவல்ல சொன்ன மினிமத்துக்கு கீழ போனா சாப்பரே போயிடும், அதனால சூடாகுதுனு ஓமை குறைச்சு மாட்டித் தரேன்னா விடாதீங்க.

எங்க பில்லுல "பிரேக் ரெசிஸ்டர் 1"னு மட்டும்தான் இருக்கு. 1500 வாட்ஸ்னு எங்க எழுதியிருக்குனு இப்ப நம்மளயே திருப்பி கேக்குறாங்க, ஸ்டிக்கர் கருகிப்போச்சு. ஓம், வாட்ஸ், ஈடி, தெர்மல் சுவிட்ச் நாலையும் பில்லுல எழுதி வாங்கிட்டு அப்புறம் காசு குடுங்க.