பாதியில் நின்ற புத்தகங்களுக்கு ஒரு வாடகைக் கடை

கீழக்கரையில் கடலை நோக்கிப் போகும் தெரு ஒன்றில், பழைய வீட்டுத் திண்ணையையும் அதை ஒட்டிய அறையையும் சேர்த்து ஒரு புத்தகக் கடை நடக்கிறது. ‘புத்தகம் வாடகைக்குக் கிடைக்கும்’ என்று எழுதிய தகரப் பலகை தொங்குகிறதே தவிர, கடைக்குப் பெயர் இல்லை. சிறு ஊர்களில் வாடகை நூல் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகும் இது தாக்குப்பிடித்து நிற்பதற்குக் காரணம், நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் இது நம்பியிருக்கவில்லை என்பதுதான். தடித்த புத்தகத்தை ஆசையாகத் தொடங்கி நடுவழியில் விட்டவர்களே இங்கே பெரும்பான்மை வாடிக்கையாளர்கள்.

கொடுக்கல் வாங்கல் எளிமையானது. விலையில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். வாரத்துக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. பழைய வாடகை நூல் நிலையங்களில் இருந்த கணக்கிலிருந்து இது அதிகம் விலகவில்லை. விலகுவது வேறோர் இடத்தில். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, படித்து முடித்தீர்களா என்று கடைக்காரர் கேட்பதில்லை. எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டு, பின்னட்டையின் உட்புறம் ஒட்டிய கோடு போட்ட தாளில் அந்த எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொள்கிறார். முதல் வாரத்துக்குள் ‘இது எனக்கு ஒத்துவரவில்லை’ என்று சொன்னால், வாடகையில் பாதியைக் கழித்துக்கொண்டு வேறு புத்தகம் தருகிறார். முகத்தில் ஏளனம் இல்லை, அறிவுரையும் இல்லை. எல்லோரும் அவரைக் காக்கா என்று கூப்பிடுகிறார்கள்; இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன் என்று பொருள். வெளியூரிலிருந்து போன நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்தப் பின்னட்டைத் தாள்தான் இந்தக் கடையின் உண்மையான சரக்கு. 2014இல் ஜோர்டான் எல்லன்பெர்க் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், கிண்டில் வாசகர்கள் அதிகம் கோடிட்ட ஐந்து வரிகள் எந்தெந்தப் பக்கங்களில் இருக்கின்றன என்று பார்த்து, அவற்றின் சராசரியை மொத்தப் பக்கங்களால் வகுத்து, ஒரு நூலை மக்கள் எவ்வளவு தூரம் படித்திருப்பார்கள் என்று பாதி விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டார். ஸ்டீபன் ஹாக்கிங் 1988இல் எழுதிய காலத்தின் வரலாறு பற்றிய நூலுக்கு 6.6 விழுக்காடு கிடைத்தது. தாமஸ் பிக்கெட்டியின் மூலதன நூலுக்கு 2.4 தான். அவர் கோடிட்ட வரிகளை வைத்து ஊகித்ததை, இங்கே காக்கா வாடிக்கையாளரின் வாயாலேயே வாங்கி எழுதி வைத்திருக்கிறார். ஒரே நூலில் வெவ்வேறு ஆட்கள் நிறுத்திய பக்க எண்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் குவிந்திருப்பதைப் பார்க்கும்போது, விட்டவர்களின் சோம்பலைக் குறை சொல்ல வாய் வருவதில்லை.

‘அக்னிச் சிறகுகள்’ தாளைப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் அதை வாங்காத வீடு குறைவு. பள்ளிப் பரிசாக வந்தும் அலமாரிகளில் சேர்ந்திருக்கிறது. இராமேஸ்வரத்துச் சிறுவயதைச் சொல்லும் தொடக்கப் பக்கங்களின் விளிம்பு விரல் பட்டுப் பழுப்பேறியிருக்கிறது. ஏவுகலத்தின் எரிபொருளும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் வரத் தொடங்கியதும் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்த வெள்ளையிலேயே இருக்கின்றன. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்ததையும், 1980 ஜூலை 18 அன்று அது ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்ததையும் சொல்லும் இடத்துக்கு வந்தவர்கள், தாளின்படி, மிகச் சிலரே. காக்கா இதற்கென ஒரு வழி வைத்திருக்கிறார். நடுவில் எந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனால் ஏவுதள அத்தியாயத்துக்கு வந்துவிடலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முன்னட்டையில் செருகியிருக்கிறார். நூலாசிரியர்கள் இதை ஏற்பார்களா என்பது தெரியாது; பத்தாம் வகுப்புப் பையன்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கடையின் மிகச் சிறந்த வேலை ‘பொன்னியின் செல்வ’னில் நடந்திருக்கிறது. 2022லும் 2023லும் திரைப்படம் இரண்டு பாகமாக வந்தபோது, இந்தப் பக்கத்திலும் நாவலை வாங்கியவர்கள் ஏராளம். நாட்டுடைமையான நூல் என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக ஐந்து பாகங்களையும் ஒரே நூலாக்கி, எறும்பு வரிசை போன்ற எழுத்தில், முதுகில் பசை மட்டும் தடவி ஒட்டிய பதிப்புகளும் வந்தன. அப்படிப்பட்ட பிரதியை மடியில் வைத்தால் விரியாது. கையில் தூக்கினால் மணிக்கட்டு கடுக்கும். நடுப்பக்கத்தை அழுத்தி விரித்தால் பசை விட்டுத் தாள் கையோடு வரும். இரண்டாம் பாகத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள் விற்றுவிட்டுப் போன பிரதிகளைக் காக்கா எடைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் மறுபடி இரண்டாக்கி, நூலால் தைத்துக் காலிக்கோ அட்டை போட்டு வைத்திருக்கிறார். பின் அடிப்பதே இல்லை. கடற்காற்றில் கம்பிப் பின் வெகு சீக்கிரம் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும் என்கிறார். ஒரு துண்டை வாங்கிப் போகிறவர், முடிக்க வேண்டிய மலையைப் பார்ப்பதில்லை. சட்டைப் பைக்குள் அடங்காவிட்டாலும் மீன்கூடைப் பைக்குள் அடங்கும் ஒரு சிறு நூலைத்தான் பார்க்கிறார்.

இது வெறும் தையல் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நாவல் கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை ஆண்டு, வாரம் வாரமாக வந்தது. சென்ற வாரம் நடந்ததை வாசகர் மறந்திருப்பார் என்பதால் ஆசிரியர் அடிக்கடி பின்னோக்கிப் போய் நினைவூட்டுகிறார். அடுத்த இதழை வாங்க வைக்க ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு திகிலில் நிறுத்துகிறார். வாரத்துக்கு ஒருமுறை வந்தபோது இனித்த இதே பழக்கங்கள், ஒரே மூச்சில் படிக்கும்போது சலிப்பைத் தருகின்றன. அந்தக் காலத்தில் தொடர்கதையைக் கிழித்தெடுத்து வீட்டிலேயே பைண்டு செய்து வைத்தவர்களின் தொகுப்பு ஒன்றும் கடையில் இருக்கிறது. மணியத்தின் ஓவியங்களும், பக்கத்தின் ஓரத்தில் பாதி அறுபட்ட தைல விளம்பரமும் அதில் அப்படியே இருக்கின்றன. வெளியே கொடுப்பதில்லை, திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம். அதைப் புரட்டினால், இந்தக் கதை எந்த வேகத்தில் படிக்கப்பட வேண்டியது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமிருந்தும், சில வேளை மண்டபத்திலிருந்தும்கூடத் தொழிலாளர்கள் இங்கே வருகிறார்கள். வலை பின்னவும் படகைப் பழுது பார்க்கவும் போக மிஞ்சும் நேரத்துக்கு அவர்கள் கேட்பது இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’தான், ஏனென்றால் அதில்தான் கடல் வருகிறது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி தனியாகப் படகு வலித்து வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோகும் பகுதியைப் பற்றி, “காக்கா, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுத்துச்சுன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல” என்று ஒருவர் திண்ணையில் வழக்காடிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டின் பின்னட்டைத் தாளில் மட்டும் ஏறக்குறைய எல்லா எண்களும் கடைசிப் பக்க எண்ணாகவே இருக்கின்றன. மூன்றாம் பாகத்தில் கதை கரையேறிப் பழையாறைக்கும் தஞ்சைக்கும் போனதும் அவர்களில் பலர் இறங்கிக்கொள்கிறார்கள். அதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’, டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில், இருக்கிறது. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் வருவதால் திணறுகிறவர்களுக்காக, யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிய அட்டை ஒன்றைப் பக்க அடையாளமாகவும் பயன்படும்படி உடன் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த அட்டையின் கீழ்ப்பகுதியில் யார் யாரை மணக்கிறார், யார் சாகிறார் என்பதையும் எழுதிவிட்டார்கள். வாங்குகிறவர்கள் அட்டையைப் பாதியாக மடித்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா நூலுக்கும் இந்தப் பிரித்துத் தைக்கும் வைத்தியம் பலிக்கவில்லை. கீழக்கரையில் சீறாப்புராணம் இல்லாமல் ஒரு புத்தகக் கடை இருக்க முடியாது. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர் இது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் 5027 பாடல்கள். அதையும் படலம் படலமாகப் பிரித்துச் சிறு நூல்களாக்கி வைத்திருக்கிறார்கள். எண்கள் அங்கேயும் முதல் சில பக்கங்களிலேயே நின்றுபோகின்றன. பாடிக் கேட்டும் பொருள் சொல்லக் கேட்டும் வந்த காப்பியம் அது. அருகில் உரை சொல்ல ஆளில்லாமல், சந்தி பிரிக்காத விருத்தத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும் இன்றைய வாசகருக்கு நூலின் தடிமன் ஒரு பிரச்சினையே இல்லை. செய்குத்தம்பிப் பாவலரின் உரை போன்ற ஏதேனும் ஓர் உரையைப் பாடலோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பயன் இருந்திருக்கும். போகிற போக்கில் ஒன்று சொல்லலாம்: அந்தக் காப்பியத்தை உமறுப் புலவரே நபிகளாரின் வாழ்க்கை முழுமைக்கும் பாடி முடிக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ பாடினார். கடையில் இது ஒரே ஒரு பிரதி இருக்கிறது. அதன் பின்னட்டைத் தாளில் ஒரு எண்கூட இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நூற்பட்டியல் கிடையாது, எந்த நூல் எங்கே இருக்கிறது என்பது காக்காவின் நினைவில்தான் இருக்கிறது, அவர் இல்லாத நேரத்தில் உட்காரும் பையனுக்குப் பாதிக் கடை தெரியாது. அறைக்குள் ஒரே ஒரு குழல் விளக்கு. அடித்தட்டுப் புத்தகங்களின் முதுகைப் படிக்கக் கைப்பேசி வெளிச்சம் வேண்டும். ராமபாணப் பூச்சி சில பழைய பிரதிகளை அரித்திருக்கிறது. அண்மைக் கால எழுத்து மிகக் குறைவு. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது, பிரிக்க வேண்டாதவற்றையும் பிரித்திருப்பதுதான். மாஸ்கோவில் அச்சாகி வந்த பழைய ருஷ்ய நாவல் ஒன்று, துணி அட்டையும் தையலும் இன்னும் உறுதியாக இருந்திருக்க வேண்டியது, மூன்று துண்டாக அறுக்கப்பட்டுக் கிடந்தது. மலிவுப் பதிப்பைப் பிரிப்பது வேறு, அதைப் பிரிப்பது வேறு என்று சொன்னேன். முழுதாக இருந்தபோது அதை யாரும் தொட்டதே இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் மறுக்கவும் முடியவில்லை, ஒப்பவும் முடியவில்லை.

இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைப் பேருந்தில் வந்து இறங்கினால் நடந்தே போய்விடலாம். லுஹருக்கும் அஸருக்கும், அதாவது நண்பகல் தொழுகைக்கும் பிற்பகல் தொழுகைக்கும், இடையில் கதவு சாத்தியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மாலையில்தான் திறக்கிறார்கள். துண்டுகளாக்கிய நாவலை எடுப்பதென்றால், முன்பணம் கட்டுவதற்கு முன்னரே அடுத்த துண்டு கடையில் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘பொன்னியின் செல்வ’னின் நான்காம் பாகமான ‘மணிமகுட’த்தின் பிற்பாதியைக் கொண்டுபோனவர் துபாய்க்குப் போய்விட்டார், அவர் விடுப்பில் வரும்வரை அதற்கு வேறு பிரதி இல்லை.